புள்ளி விடுபடும் திசை: சடுதிமாற்றச் சாய்வும் ஜீனோமின் எழுத்து விகிதமும்

1. ஒரு சிறிய கணக்கு

2001 பிப்ரவரி 15 அன்று 'நேச்சர்' இதழில் மனித ஜீனோமின் முதல் வரைவு வெளியானது. அந்த ஆரவாரம் அடங்குவதற்குள், அடுத்த வாரத்து இதழிலேயே ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. ஸ்டூவர்ட் கோல் தலைமையிலான குழு, தொழுநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் லெப்ரேயின் முழு ஜீனோமை அதில் வெளியிட்டிருந்தது. அவர்கள் படித்தெடுத்த கிருமி வகையின் பெயர் 'டி.என்.'. தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டதால் தமிழ்நாட்டின் ஆங்கில முதலெழுத்துகளே அதற்குப் பெயராயின. இந்தக் கிருமி எந்தச் செயற்கை ஊட்டத்திலும் வளராது. அதனால் ஆர்மடில்லோ என்ற விலங்கின் உடலில் வளர்த்துத்தான் அதன் டி.என்.ஏ.வைத் திரட்ட வேண்டியிருந்தது.

அந்த ஜீனோமின் நீளம் 32,68,203 எழுத்துகள். உறவுக் கிருமியான காசநோய்க் கிருமியின் ஜீனோம் 44,11,532 எழுத்துகள் கொண்டது. அதில் ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் இருக்கின்றன. தொழுநோய்க் கிருமியிலோ வேலை செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 1,600 மட்டுமே. அவற்றோடு, ஒருகாலத்தில் மரபணுவாக இருந்து இப்போது படிக்க முடியாதபடி சிதைந்துபோன 1,116 போலி மரபணுக்களும் கிடக்கின்றன. ஜீனோமில் பாதிக்கும் சற்றுக் குறைவான பகுதியே புரதத்துக்கான செய்தியைச் சுமக்கிறது. மீதி பாழடைந்த வீடு.

அக்கட்டுரை தரும் மூன்று எண்களிலிருந்தே என் கேள்வி பிறக்கிறது. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளான ஏ, டி, ஜி, சி ஆகியவற்றுள் ஜி, சி இரண்டும் சேர்ந்து எத்தனை விழுக்காடு என்பதை ஜி-சி விகிதம் என்பார்கள். தொழுநோய்க் கிருமியின் உயிருள்ள மரபணுக்களில் அது 60.1. போலி மரபணுக்களில் 56.5. எதற்கும் பயன்படாததுபோல் தோன்றும் எஞ்சிய பகுதியில் 54.5. காசநோய்க் கிருமியின் முழு ஜீனோமிலோ 65.6. ஒரு பகுதியைக் காக்க வேண்டிய தேவை குறையக் குறைய அதில் ஜி-யும் சி-யும் குறைந்துகொண்டே வருகின்றன. சிதைவு வெறும் சிதறல் என்றால் அதற்கு ஏன் ஒரு திசை இருக்க வேண்டும்?

உயிரினங்களின் எழுத்து விகிதத்தை எழுதுவது சடுதிமாற்றத்தின் சாய்வா, இயற்கைத் தேர்வா என்ற அறுபதாண்டுப் பழைய விவாதத்துக்குள் இந்தக் கேள்வி நம்மைக் கொண்டுபோகிறது. ஜீனோம் முழுவதற்கும் ஒரே விடை தேடியதுதான் இந்த விவாதத்தை இத்தனை காலம் இழுத்தடித்தது என்பது என் கருத்து. தேர்வின் பிடி எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாய்வை அளப்பதே பயனுள்ள வழி.

2. 'சீரற்றது' என்ற சொல்லில் உள்ள சிக்கல்

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சடுதிமாற்றம்' என்கின்றன, பழைய நூல்கள் 'திடீர்மாற்றம்' என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் 'விகாரம்' என்கின்றன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. 'சடுதி', 'திடீர்' இரண்டிலும் ஒரே தாவலில் புதிய இனம் தோன்றிவிடும் என்று ஹியூகோ டி விரிஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்ன கருத்தின் வாடை இருக்கிறது. இங்கே பேசப்படுவதோ ஓர் எழுத்து இன்னோர் எழுத்தாகிற, ஓசையில்லாத சிறு பிழை. பழகிவிட்ட சொல் என்பதால் 'சடுதிமாற்றம்' என்பதையே வைத்துக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய குழப்பம் 'சடுதிமாற்றம் சீரற்றது' என்ற வாய்பாட்டில் இருக்கிறது. உயிரினத்துக்கு எது தேவை என்று பார்த்துச் சடுதிமாற்றம் நிகழ்வதில்லை. அந்த அளவில் வாய்பாடு சரி. ஆனால் எல்லா மாற்றங்களும் சம வாய்ப்புடன் நிகழ்கின்றன என்றும் அதைப் பலர் படித்துவிடுகிறார்கள். அது தவறு. தாயம் ஆடும்போது சோழிக்கு நம் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாது. அதற்காகச் சோழியின் வாயும் முதுகும் பாதிக்குப் பாதி விழும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோழியின் உருவமே ஒரு பக்கத்துக்குச் சாதகமானது. ஆட்டக்காரரின் தேவையை அறியாமலேயே சோழி சாய்வோடு விழுகிறது.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்டவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுத்தர் புள்ளியைத் தவிர்த்தனர். ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் நின்றன. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை. ஆகவே படியெடுக்கும்போது பிழைகள் எல்லாத் திக்கிலும் சிதறவில்லை. சில தடங்களில் திரும்பத் திரும்ப விழுந்தன. இருந்த புள்ளி எளிதில் விடுபடும், இல்லாத இடத்தில் புதிதாக முளைப்பது அரிது. எந்தப் பாடம் மூலம், எது பிழை என்று பதிப்பாசிரியர் தீர்மானிப்பதே இந்தத் திசையை அறிந்திருப்பதால்தான். பலருக்கு மனப்பாடமான செய்யுளில் பிழை விழுந்தால் அடுத்த படியில் யாராவது திருத்திவிடுவார்கள். எவரும் ஓதாத பகுதியில் விழுந்த பிழை அப்படியே தங்கும்; எழுத்தரின் கைப்பழக்கத்தை அறிய வேண்டுமானால் அந்தப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். தொழுநோய்க் கிருமியின் போலி மரபணுக்கள் அப்படி எவரும் ஓதாத ஏடுகள்.

3. சுயோகாவின் கணக்கு

ஏ எவ்வளவோ டி அவ்வளவு, ஜி எவ்வளவோ சி அவ்வளவு என்று எர்வின் சார்காஃப் 1950ஐ ஒட்டிக் கண்டறிந்தது எல்லோருக்கும் தெரியும். அவர் கண்ட இன்னொன்று பாடநூலில் ஓரமாகவே நிற்கிறது: இந்த இரு இணைகளுக்கும் இடையிலான விகிதம் இனத்துக்கு இனம் மாறுகிறது. 1958இல் சோவியத் அறிவியலாளர்களான பெலோசெர்ஸ்கியும் ஸ்பிரினும் பாக்டீரியாக்களில் அந்த வேறுபாடு எவ்வளவு விரிந்தது என்று காட்டினர். இன்று நமக்குத் தெரிந்த வீச்சு இன்னும் பெரியது. தாவரச் சாற்றை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சிக்குள் வாழும் கார்சொனெல்லா ருட்டியை என்ற பாக்டீரியாவில் ஜி-சி 16.5 விழுக்காடுதான். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரில் அது 72. இரண்டும் ஏறக்குறைய ஒரே மரபுக் குறியீட்டைத்தான் படிக்கின்றன.

1962இல் நொபொரு சுயோகா இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஜி அல்லது சி ஆக இருக்கும் எழுத்து ஏ அல்லது டி ஆக மாறும் வேகம் ஒன்று, எதிர்த் திசையில் மாறும் வேகம் இன்னொன்று. இரண்டும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நூறு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 65 ஜி-சி. ஜி-சி இழக்கும் வேகம் பெறும் வேகத்தைப் போல் இருமடங்கு. அப்படியானால் இழப்பு 65ஐ இரண்டால் பெருக்கிய 130 பங்கு, வரவு 35 பங்கு. ஜி-சி சரியத் தொடங்கும். சரிந்து சரிந்து 33ஐத் தொடும்போது இழப்பு 66 பங்கு, வரவு 67 பங்கு. தராசு நின்றுவிடும். எங்கிருந்து புறப்பட்டாலும் போய்ச் சேரும் இடம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். இருப்பைத் தீர்மானிப்பது இரு வேகங்களின் விகிதம். வேகம் கூடினால் விரைவாகப் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

இது வெறும் காகிதக் கணக்காக நிற்கவில்லை. ஈ. கோலை பாக்டீரியாவில் மியூட்-டி என்ற பழுதுநீக்கும் மரபணு கெட்டுவிட்டால் ஏ-டி இணைகள் சி-ஜி இணைகளாக மாறும் பிழை மட்டும் பெருகும். 1967இல் காக்ஸும் யனோஃப்ஸ்கியும் அத்தகைய கிருமியை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைமுறைகள் வளர்த்துப் பார்த்தார்கள். ஜி-சி விகிதம் சிறிதளவு, ஆனால் அளக்கக்கூடிய அளவு ஏறியிருந்தது. கிருமியும் நலமாகவே இருந்தது. பழுதுநீக்கும் ஒரு கருவி கெட்டதும் ஜீனோம் முழுவதும் நகரத் தொடங்கியதை ஆய்வகத்தில் கண்ணெதிரே காட்டிய இந்தச் சோதனை, இன்று மேற்கோள் காட்டப்படுவதைவிட அதிகம் காட்டப்பட வேண்டியது என்பேன்.

1987இல் முட்டோ, ஒசாவா இருவரும் கொண்டுவந்த சான்றுதான் சுயோகாவின் கருத்தைப் பரவலாக ஏற்கவைத்தது. மரபணுவில் மூன்று மூன்று எழுத்துகள் சேர்ந்து ஒரு கோடான். ஒவ்வொரு கோடானும் ஓர் அமினோ அமிலத்தைச் சுட்டும். மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் அமினோ அமிலம் மாறாது. இரண்டாம் எழுத்து மாறினால் கட்டாயம் பொருள் மாறும். பல பாக்டீரியாக்களை ஒப்பிட்டபோது, ஜீனோமின் ஜி-சி விகிதம் ஏற ஏற மூன்றாம் இடத்து ஜி-சி மிகச் செங்குத்தாக ஏறியது. இரண்டாம் இடத்தில் மிக மெதுவாகவே ஏறியது. ஜி-சி 25 விழுக்காடுள்ள மைக்கோபிளாஸ்மாவில் மூன்றாம் இடத்து ஜி-சி பத்துக்கும் கீழே. 74 உள்ள மைக்ரோகாக்கஸ் லூட்டியஸில் தொண்ணூறுக்கும் மேலே. கட்டுப்பாடு குறைந்த இடத்தில் சாய்வு தடையின்றி ஓடுகிறது. கட்டுப்பாடு உள்ள இடத்தில் இழுபறி.

இழுபறி என்றேன். இரண்டாம் இடத்திலும் ஒரு நகர்வு இருக்கத்தான் செய்கிறது. ஜி-சி மிகுந்த உயிரினங்களின் புரதங்களில் கிளைசின், அலனின், அர்ஜினின், புரோலின் கூடுகின்றன. ஏ-டி மிகுந்தவற்றில் லைசின், அஸ்பராஜின், ஐசோலியூசின் கூடுகின்றன. மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்தின் ஜி-சி 19.4 விழுக்காடு. அதன் புரதங்களில் அஸ்பராஜின் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் நீண்ட தொடர்கள் உண்டு. அதே பேரினத்தைச் சேர்ந்த வைவாக்ஸில் ஜி-சி ஏறக்குறைய 42. இருவரும் அதே கொசுவில் ஏறி, அதே மனிதக் குருதியில் வாழ்கிறார்கள். சூழல்தான் எழுத்து விகிதத்தை விதிக்கிறது என்பவர்கள் இந்த இணைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

4. சாய்வு எங்கிருந்து வருகிறது

சாய்வின் வேர் வேதியியலில் இருக்கிறது. சி எனப்படும் சைட்டோசின் தன் அமினோ தொகுதியை நீரிடம் இழந்தால் யுராசில் ஆகிறது. யுராசிலைப் படியெடுக்கும் நொதி அதை டி என்றே வாசிக்கும். இந்த இழப்புக்கு நச்சோ கதிர்வீச்சோ தேவையில்லை. தண்ணீரில் இருந்தாலே போதும், மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். டி.என்.ஏ.யில் முளைக்கும் யுராசிலைத் தேடி வெட்டியெறியும் நொதியை டோமஸ் லிண்டால் 1974இல் கண்டறிந்தார், டி.என்.ஏ. பழுதுநீக்கம் பற்றிய ஆய்வுகளுக்காக 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக்சிஜன் தாக்கிய ஜி, அதாவது குவானினும் ஏ-வோடு தவறாக இணைந்து டி-க்கு வழிவிடுகிறது. இரண்டு பெரும் வாய்க்கால்களும் ஒரே பக்கம் பாய்கின்றன: ஜி-சியிலிருந்து ஏ-டிக்கு.

மனிதர் போன்ற முதுகெலும்பிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சி-யை அடுத்து ஜி வரும் இடங்களில் சி-யின்மேல் ஒரு மெத்தில் தொகுதி ஏற்றப்படுகிறது. அப்படிப்பட்ட சி அமினோவை இழந்தால் யுராசில் ஆகாது, நேராக டி-யாகவே ஆகிவிடும். டி, டி.என்.ஏ.யின் சொந்த எழுத்து; அந்நியன் என்று காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை. அதனால் நம் ஜீனோமில் சி-ஜி அடுத்தடுத்து வரும் இடங்கள் எதிர்பார்ப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எஞ்சியுள்ளன.

பழுதுநீக்கும் நொதிகள் எவை இருக்கின்றன, எவை இல்லை என்பதைப் பொறுத்து இனத்துக்கு இனம் சாய்வு மாறுகிறது. மனிதன், ஈ. கோலை, காசநோய்க் கிருமி எல்லோருக்கும் ஒரே சோழி இல்லை.

5. 2010: கணக்கு உதைத்தபோது

சுயோகாவின் கணக்குப்படி, ஜி-சி 70 உள்ள பாக்டீரியாவில் சடுதிமாற்றமும் ஜி-சி பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதை நேரடியாக அளக்க வெகுகாலம் வழியில்லாமல் இருந்தது. 2010 செப்டம்பரில் 'பிளாஸ் ஜெனெடிக்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. ரூத் ஹெர்ஷ்பெர்க், டிமிட்ரி பெட்ரோவ் இருவரும், அண்மைக் காலத்தில் பிரிந்து தேர்வு வடிகட்ட இன்னும் நேரம் கிடைக்காத நோயுண்டாக்கும் பாக்டீரியாக்களை எடுத்துக்கொண்டார்கள். காசநோய்க் கிருமிக் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஹில்டபிராண்டும் ஐர்-வாக்கரும் மேயரும் பல இனங்களின் உள்வேறுபாடுகளைப் பார்த்தார்கள். இரு குழுக்களும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. ஜி-சி மிகுந்த பாக்டீரியாவிலும் புதிதாகப் பிறக்கும் மாற்றங்கள் ஏ-டி பக்கமே சாய்கின்றன.

அப்படியானால் அந்த ஜீனோம்கள் கீழே சரியாமல் மேலேயே நிற்பது எப்படி? ஏதோ ஒன்று அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதே இதழில் ரோச்சா, ஃபீல் இருவரும் எழுதிய குறிப்பு இன்னும் சங்கடமான கேள்வியைக் கேட்டது: பாக்டீரியாவின் ஜீனோமில் தேர்வின் கை படாத இடம் என்று ஒன்று உண்டா? மூன்றாம் எழுத்து சுதந்திரமானது என்ற முட்டோ-ஒசாவாவின் அடிப்படையே இதில் ஆட்டம் காண்கிறது.

தூக்கிப் பிடிப்பது எது என்பதற்குப் பல வேட்பாளர்கள். வெப்பத்தில் வாழ்வோருக்கு ஜி-சி கூடும் என்ற பழைய ஊகத்தை 1997இல் கால்டியேவும் லோப்ரியும் ஏறக்குறைய முடித்துவைத்தார்கள்: ரைபோசோம் ஆர்.என்.ஏ.யில் அந்தத் தொடர்பு உண்டு, முழு ஜீனோமில் இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிர் அடுத்தடுத்த டி எழுத்துகளைப் பிணைத்துக் கெடுப்பதால் வெயிலில் வாழும் பாக்டீரியா டி-யைத் தவிர்க்கும் என்று 1970இல் சிங்கரும் ஏம்ஸும் சொன்னார்கள். சுவையான கருத்து, ஆனால் எல்லாவற்றையும் அது தாங்காது. 2012இல் ரகவன், கேல்கர், ஓக்மன் மூவரும் ஒரே புரதத்தைத் தரும், எழுத்து விகிதத்தில் மட்டும் வேறுபடும் மரபணுக்களை ஈ. கோலைக்குள் வைத்தார்கள். ஜி-சி மிகுந்த வடிவங்களைத் தாங்கிய கிருமி வேகமாக வளர்ந்தது. தேர்வுக் கட்சிக்கு இது வலுவான சான்று. ஆனால் ஏன் அப்படி என்பதற்கான இயக்கவிதி தெளிவாகவில்லை.

மூன்றாவது ஒரு தரப்பும் உண்டு. இரண்டு டி.என்.ஏ. இழைகள் மறுசேர்க்கையில் கலக்கும்போது பொருந்தாத எழுத்துகளைச் சரிக்கட்டும் பொறி ஜி-சி பக்கம் சிறிது சாய்கிறது. உயிரினத்துக்கு அதனால் ஆதாயம் எதுவும் இராது. இருந்தும் கணக்கில் தேர்வுபோலவே தோன்றும். பாலூட்டிகளில் இதற்கு நல்ல சான்றுகளை லொரான் டுரே, நிக்கோலா கால்டியே போன்றோர் திரட்டியுள்ளனர். பாக்டீரியாக்களுக்கும் இது பொருந்தும் என்று 2015இல் லசால் குழு வாதிட்டது. 2017இல் பொபேயும் ஓக்மனும் அதன் பங்கு குறைவு என்றனர். இவ்வழக்கில் தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

6. செத்த மரபணுக்களின் சாட்சி

தொழுநோய்க் கிருமி இங்கேதான் அரிய சாட்சியாகிறது. போலி மரபணுவுக்கு இருந்த வேலை போய்விட்டது. அதன் மூன்றாம் எழுத்தைக் காக்கவோ கோடான்களைச் சீராக வைத்திருக்கவோ எவருக்கும் அக்கறை இல்லை. அந்த மரபணு இன்னும் உயிருடன் இருக்கும் வடிவம் காசநோய்க் கிருமியில் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த எழுத்து எதுவாக மாறியது என்று எண்ணலாம். 2005இல் மிச்செல், கிராவர் இருவரும் அதைத்தான் செய்தார்கள். மாற்றங்கள் ஏ-டி பக்கம் தெளிவாகச் சாய்ந்திருந்தன.

மறுசேர்க்கை என்ற மூன்றாம் தரப்பையும் இந்தக் கிருமியில் பெரிதாகக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. இது ஏறக்குறைய முழுக்க நகலாகவே பெருகும் இனம். 2009இல் பிரேசில் கிருமி ஒன்றைப் படித்தபோது அது தமிழ்நாட்டுக் கிருமியோடு 99.995 விழுக்காடு ஒத்திருந்தது. அப்படியென்றால் மரபணுக்களின் இந்தப் பெருஞ்சாவு, தற்போதுள்ள கிருமி வகைகள் பிரிவதற்கு நெடுங்காலம் முன்பே நடந்து முடிந்தது; இன்றைய தொழுநோயாளிகள் அனைவரும் சுமப்பது ஏறத்தாழ ஒரே இடுகாட்டை.

இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் வேண்டும். செத்துப்போன மரபணுக்கள் உயிரோடு இருந்தபோதே ஜி-சி குறைந்தவையாக இருந்திருக்கலாமே என்ற ஐயம் நியாயமானது. உறவுக் கிருமியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது அந்த ஐயம் பெருமளவு விலகுகிறது. இன்னொரு சிக்கல் அப்படி எளிதில் விலகாது. உயிருள்ள மரபணுக்களிலும் ஜி-சி 60.1 ஆகக் குறைந்திருக்கிறது. காசநோய்க் கிருமியின் நிலையிலிருந்து ஐந்து புள்ளிகளுக்கும் மேல் சரிவு. வேலையில் இருக்கும் மரபணுக்கள் ஏன் சரிய வேண்டும்? மனிதன் போன்ற ஓம்புயிரின் செல்லுக்குள் முடங்கி, ஒவ்வொரு பரவலிலும் சிறு கூட்டமாகச் சுருங்கி வாழும் கிருமியில் தேர்வின் பலம் எங்கும் குறைந்துபோகும் என்பது ஒரு விடை. பழுதுநீக்கும் கருவிகள் சிலவற்றை இழந்ததால் சாய்வே முன்பைவிடக் கூடியது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம்; முதலாவதற்கு நான் சற்றுக் கூடுதல் எடை தருவேன். இழப்பின் அளவு மரபணு, போலி மரபணு, வெற்றிடம் என்று படிப்படியாக மாறுகிறது. சாய்வு மட்டும் கூடியிருந்தால் இந்தப் படிவரிசை இருந்திருக்காது. தேர்வின் பிடி ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு அளவில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இந்த நகர்வு பெரியது என்பதும் மனத்தில் பதிய வேண்டும். ஜீனோமின் மொத்த ஜி-சி 57.8. காசநோய்க் கிருமியின் 65.6ஐத் தொடக்கமாகக் கொண்டால் வேறுபாடு 7.8 புள்ளி. 32 லட்சத்துச் சொச்சம் எழுத்தில் அது நிகரமாக இரண்டரை லட்சம் எழுத்துகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, எந்த ஆதாயமும் கருதாமல் நடந்த பிழை. அதுவும் பன்னிரண்டு, பதினான்கு நாளுக்கு ஒருமுறை மட்டுமே இரட்டிக்கும் ஒரு சோம்பேறிக் கிருமியில்.

7. ஒத்துவராதவை

சில்வண்டின் உடலுக்குள் ஹாட்ஜ்கினியா என்ற பாக்டீரியா வாழ்கிறது. அதன் ஜீனோம் 1,44,000 எழுத்து மட்டுமே. கார்சொனெல்லாவைப் பார்த்த கண்ணுக்கு இதன் ஜி-சியும் 16, 17 என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் 58.4. 2009இல் இதை வெளியிட்ட மெக்கட்சன் குழு இதைப் புதிராகவே முன்வைத்தது. மூன்றாண்டுக்குப் பின் வான் லூவனும் மெக்கட்சனும் அதன் புதிய சடுதிமாற்றங்களை எண்ணினார்கள். அங்கேயும் சாய்வு ஏ-டி பக்கமே! கூட்டம் மிகச் சிறிது, தேர்வு பலவீனம், சாய்வு எதிர்த்திசை. ஆனாலும் ஜி-சி மேலேயே நிற்கிறது. என் வாதத்துக்கு இது வசதியான செய்தி இல்லை.

வேறு சில பாக்டீரியாக்களில் சாய்வே ஜி-சி பக்கம் இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேர்வைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒற்றைச் செல்லிலிருந்து மறுபடி வளர்த்து ஆயிரக்கணக்கான தலைமுறைகளின் பிழைகளைச் சேர்க்கும் சோதனை முறை ஒன்று உண்டு. மைக்கேல் லிஞ்ச் போன்றோர் அதைப் பல இனங்களுக்கு விரித்தனர். கதிர்வீச்சைத் தாங்கும் டெய்னோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸில் அச்சோதனை ஜி-சி பக்கச் சாய்வைக் காட்டியது. 'எல்லாப் பாக்டீரியாவிலும் ஏ-டி சாய்வு' என்ற 2010ஆம் ஆண்டு முடிவை 'பெரும்பாலானவற்றில்' என்று திருத்திக்கொள்வதே நேர்மை.

8. சாய்வு தகவமைப்பையும் திருப்புமா?

இதுவரை பேசியது பயனற்ற பகுதிகளின் கதை. பயனுள்ள மாற்றங்களிலும் சாய்வின் கை இருக்குமா? ஹால்டேனும் ஃபிஷரும் 1920, 30களில் 'இராது' என்றார்கள். சடுதிமாற்ற வேகம் மிகச் சிறியது, தேர்வு அதைத் தூக்கி எறிந்துவிடும் என்பது அவர்களின் கணக்கு. 2001இல் யம்போல்ஸ்கியும் ஸ்டோல்ட்ஸ்ஃபஸும் அந்தக் கணக்கின் மறைந்த அனுமானத்தைச் சுட்டினார்கள். எல்லா மாற்றங்களும் கூட்டத்தில் ஏற்கெனவே கிடைக்கின்றன என்றால்தான் ஹால்டேன் சரி. புதிய மாற்றம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில், முதலில் வருவதே வெல்லும் வாய்ப்பு அதிகம். எது முதலில் வரும் என்பதைச் சாய்வு தீர்மானிக்கும்.

காசநோய்க் கிருமியின் மருந்தெதிர்ப்பு இதைச் சோதிக்க ஏற்ற களம். ஏ, ஜி இரண்டும் பியூரின் இனம். சி, டி இரண்டும் பிரிமிடின் இனம். ஓர் எழுத்துக்கு இனத்துக்குள்ளான மாற்றம் ஒன்று, இனம் தாண்டும் மாற்றங்கள் இரண்டு. சாய்வில்லை என்றால் ஒன்றுக்கு இரண்டு என்று இருக்க வேண்டும். 2019இல் பெய்ன் குழு, இந்தக் கிருமியின் மருந்தெதிர்ப்பு மாற்றங்களில் இனத்துக்குள்ளான மாற்றங்கள் அந்த எதிர்பார்ப்பைவிட மிகக் கூடுதல் என்று காட்டியது.

இரண்டே இரண்டு கோடான்களை அருகில் வைத்துப் பார்ப்போம். ரிஃபாம்பிசின் மருந்து தாக்கும் ஆர்.பி.ஓ.-பி மரபணுவின் 450ஆம் கோடான் டி-சி-ஜி, அதாவது செரின். நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் 'சிபிநாட்' என்று சொல்லும் சோதனை தேடும் 81 எழுத்துப் பகுதிக்குள் இருப்பதுதான் இது. நடு எழுத்தான சி, டி ஆனால் லியூசின். ஜி ஆனால் டிரிப்டோபான். இரண்டுமே மருந்தைப் பலமாக எதிர்க்கின்றன. நோயாளிகளிடம் கிடைப்பதில் லியூசின்தான் மிகப் பெரும்பான்மை. சி டி-யாவது இனத்துக்குள்ளான மாற்றம், மேலே சொன்ன வேதியியலின் பெருவாய்க்காலும்கூட. சாய்வின் வெற்றி என்று எழுதிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் காக்நோ குழு 2006இல் காட்டியபடி, லியூசின் மாற்றம் கிருமியின் வளர்ச்சியைக் கெடுப்பதும் மிகக் குறைவு. சாய்வும் தேர்வும் ஒரே பக்கம் கைகாட்டும் இடத்தில் யாருக்கு வெற்றி என்று சொல்ல முடியாது.

இப்போது ஐசோனியாசிட் மருந்தின் பக்கம் திரும்புவோம். கேட்-ஜி மரபணுவின் 315ஆம் கோடான் ஏ-ஜி-சி, அதுவும் செரின். நடு எழுத்தான ஜி, ஏ ஆனால் அஸ்பராஜின். இனத்துக்குள்ளான, எளிதான மாற்றம். சி ஆனால் திரியோனின்; இனம் தாண்டும், கடினமான மாற்றம். மருத்துவமனைக் கிருமிகளில் திரியோனின்தான் வெகுவாக ஓங்கி நிற்கிறது. மருந்தை எதிர்த்துக்கொண்டே, தன் காப்புக்கு வேண்டிய கேட்டலேஸ் நொதியின் வேலையையும் பெருமளவு காப்பாற்றிக்கொள்ளும் மாற்றம் அது. இங்கே சாய்வு ஒரு பக்கம் தள்ள, தேர்வு மறுபக்கம் இழுத்து வென்றிருக்கிறது.

இதற்கு ஓர் அழகான துணைச் சான்றும் உண்டு. ஆய்வகத் தட்டில், நோயாளியின் உடல் என்ற சல்லடை இல்லாமல், ஐசோனியாசிட்டை எதிர்க்கும் கிருமிகளைப் பொறுக்கினால் திரியோனின் மாற்றம் அரிதாகவே கிடைக்கிறது. கேட்-ஜி மரபணு கண்டபடி உடைந்துபோன வகைகளே அதிகம். 2009இல் பெர்க்வால் குழு இதை முறையாகப் பதிவு செய்தது. தட்டில் கிடைப்பதற்கும் மருத்துவமனையில் கிடைப்பதற்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைக் கோடான் கோடானாக, மருந்து மருந்தாக எண்ணிச் சேர்த்தால், சடுதிமாற்றம் வழங்கியது எவ்வளவு, தேர்வு வடித்தது எவ்வளவு என்று பிரிக்கலாம். தட்டில் வளர மறுக்கும் தமிழ்நாட்டுத் தொழுநோய்க் கிருமிக்கு அந்த வழியும் இல்லை. அதற்கு அதன் 1,116 செத்த மரபணுக்களைத்தான் மறுபடியும் படிக்க வேண்டும்.